காப்பீட்டுக் காசோலை வங்கியில் நின்றுபோனால்

சென்ற வாரம் புதிய முகவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, கிளெய்ம் தொகைக்கான காப்பீட்டுக் காசோலையை வங்கியில் நிறுத்திவிட்டார்கள். பெயரோடு இனிஷியல் இல்லையாம். அந்த அம்மாவையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா?" பேனாவை முதலில் கீழே வையுங்கள் என்றேன். நான் செய்த அதே பிழையை இந்த ஆண்டு செய்யப் பார்த்த மூன்றாவது ஆள் இவர்.

இப்படிப்பட்ட காசோலையில் முகவர்கள் செய்யும் பிழைகளைச் சொல்கிறேன். சலானில் கணக்கு எண்ணைத் தவறாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை வங்கி ஊழியரே சொல்லிவிடுவார்.

பெயரைப் பேனாவால் சரிசெய்வது

நம் ஊரில் ஒருவருக்கு ஒரே பெயர் இருப்பதில்லை. பாலிசியில் "செல்வி", வங்கியில் "ரா. செல்வி", பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்து "செல்வி ராமசாமி", திருமணத்துக்குப் பின் கணவரின் முதலெழுத்து. காப்பீட்டு நிறுவனமோ பாலிசியில் நாமினி (தொகையைப் பெற நியமிக்கப்பட்டவர்) பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அச்சிடுகிறது. அது பெறுபவர் கணக்கில் மட்டுமே சேரவேண்டிய கோடிட்ட காசோலை. வேறொருவர் கணக்கில் வரவு வைத்தால் வங்கிதான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் நிறுத்துவதில் தவறில்லை.

2014இல் கணவரை இழந்த ஒரு பெண்மணியிடம், "இனிஷியலைச் சேர்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொன்னவன் நான். திருத்தத்துக்குக் கையெழுத்து இருந்தால் போதும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அது காசோலை கொடுத்தவரின் கையெழுத்து என்பதுகூட எனக்குத் தெரியாது. காசோலையின் படத்தை அனுப்பித் தீர்வு செய்யும் சிடிஎஸ் முறையில் அதற்கும் இடமில்லை. தேதியைத் தவிர வேறு எதைத் திருத்தினாலும் புதுக் காசோலைதான். போதாக்குறைக்கு, 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 87ஆவது பிரிவு, கொடுத்தவர் சம்மதமில்லாத முக்கியத் திருத்தம் காசோலையைச் செல்லாததாக்கும் என்கிறது.

காசோலை திரும்பியது. யார் திருத்தினார்கள், ஏன் என்று நிறுவனம் விளக்கக் கடிதம் கேட்டது. பிறகு, பின்னால் இழப்பு வந்தால் ஈடுசெய்வேன் என்று எழுதித்தரும் ஈட்டுறுதிப் பத்திரம் கேட்டது. நான்கு மாதம் ஓடிவிட்டது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் வளையல்களை அடகு வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றும் எனக்கு உறுத்துவது அதுதான்.

சரியான வழி நீளமானதல்ல. நிறுத்தியதற்கான காரணத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். காசோலையின் இரு பக்கங்களையும் நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை நிறுவனத்தின் கிளையிலேயே ஒப்படையுங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கம், பான் அட்டை, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழி ஆகியவற்றை இணையுங்கள். மறு காசோலைக்குப் பதிலாக, வங்கிக் கணக்குக்கே நேராகப் பணம் அனுப்பும் நெஃப்ட் கேளுங்கள். ஆனால் நெஃப்ட்டில் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துச் சேர்கிறது, பெயர் காப்பாற்றாது. எண்ணை ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.

"பார்க்கலாம்" என்று காத்திருப்பது

காசோலையின் ஆயுள் மூன்று மாதம். 2012 ஏப்ரலுக்கு முந்தைய ஆறு மாதக் கணக்கை இன்னும் சொல்லித்தரும் மூத்தவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

தூங்கும் கணக்கு

இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு செய்யாத கணக்கில் பணம் விழும், எடுக்க வராது. முதலில் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்து உயிர்ப்பியுங்கள்.

மறைந்தவரோடு இருந்த கூட்டுக் கணக்கு

"இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற ஏற்பாடு இருந்தால் சிக்கல் குறைவு. "இருவரும் சேர்ந்து" என்று இருந்தால், ஒருவர் இறந்த செய்தி தெரிந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவிடும். இழப்பீட்டுத் தொகையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். நாமினியின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கிய பிறகே கிளெய்ம் படிவத்தை நிரப்புங்கள்.

வாயால் மட்டும் கேட்பது

வங்கிக் கவுன்டரில் பத்து முறை கேட்டாலும் அது புகாராகாது. எழுதிக் கொடுத்து, தேதியிட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் வங்கியின் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். அங்கே கேட்கப்படும் முதல் தாள் இந்த ஒப்புகைதான்.

சென்ற வாரம் அழைத்தவர் காசோலையில் கை வைக்காமல் நிறுவனத்தின் கிளையில் ஒப்படைத்து, ஒப்புகையின் படத்தை நேற்று அனுப்பினார். முத்திரையில் தேதி தெளிவாக இல்லை. மறுபடியும் போய் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.