பதிப்பு மாறியும் டிஸ்க் குறையவில்லை: என் அனுபவம்

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு 11-இலிருந்து 14-க்கு மாறினோம். டேட்டாபேஸ் 340 ஜிபி, டிஸ்கில் காலி 70 ஜிபிதான். நகலெடுக்க இடமில்லாததால் பதிப்பு மாற்றும் கருவியான பிஜி அப்கிரேடை (pg_upgrade) லிங்க் முறையில், அதாவது பழைய கோப்புகளையே இணைத்துக்கொள்ளும் முறையில், ஓட்டினேன். சில நிமிடங்களில் முடிந்தது. அளவைப் பார்த்தால் அதே 340!

பிஜி அப்கிரேட் கோப்புகளை அப்படியேதான் கொண்டுவருகிறது. அழித்த, திருத்திய வரிகள் விட்ட ஓட்டைகளும் கூடவே வந்துவிடும். டம்ப் எடுத்து (தரவை முழுக்க வெளியே எழுதி) மறுபடி ஏற்றினால் அவை போய்விடும், ஆனால் அத்தனை மணி நேரம் சேவையை நிறுத்த எங்களுக்கு வழியில்லை. துப்புரவுக் கட்டளையான சாதாரண வேக்யூம் அந்த இடத்தை அதே டேபிள் திரும்பப் பயன்படுத்த விடும், பெரும்பாலும் டிஸ்குக்குத் திருப்பித் தராது. வேக்யூம் ஃபுல் தரும். ஆனால் முடியும்வரை டேபிளைப் பூட்டிவிடும், புது நகலுக்கு இடமும் கேட்கும்.

சரி, தேடலை வேகமாக்க வைத்திருக்கும் இன்டெக்ஸ்களைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உண்மையான லாபம் அங்கேதான் இருந்தது. ஆர்டர் டேபிளில் 'நிலை' என்ற நெடுவரிசைக்கு (column) ஓர் இன்டெக்ஸ்: கோடிக்கணக்கான வரிகள், ஆனால் ஐந்தாறு மதிப்புகள்தான். பதிப்பு 13 முதல், வழக்கமான வகையான பி-ட்ரீ இன்டெக்ஸ் ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்ப எழுதாமல் சுருக்கி வைக்கிறது. பழைய இன்டெக்ஸுக்கு அது கிடைக்க ரீஇன்டெக்ஸ் செய்தே, அதாவது அதைப் புதிதாகக் கட்டியே, ஆக வேண்டும். 'கன்கரன்ட்லி' சேர்த்து ஓட்டினேன், எழுதும் வேலை எதுவும் நிற்கவில்லை. 21 ஜிபி இருந்தது 5 ஆனது.

சிறிய இன்டெக்ஸ்களில் தொடங்குங்கள், கிடைக்கும் இடம் பெரியவற்றுக்கு உதவும். ரீஇன்டெக்ஸ் நடுவில் அறுந்தால் பெயர் 'சிசிநியூ' (ccnew) என்று முடியும் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அதை டிராப் செய்துவிட்டு அப்புறம் மறுபடி ஓட்டுங்கள்.