5-8-77 என்றால் ஆகஸ்ட் அல்ல: கிரேட்ஃபுல் டெட் கேட்கத் தொடங்குவது எப்படி

1990களின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். காலி கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள். ஒரு நாள் மிருதங்க வாத்தியார் ஒருவர் 'பிளானட் டிரம்' என்ற கேசட்டைக் காப்பி போடக் கொண்டுவந்தார். அவருக்கு வேண்டியது அதில் விக்கு விநாயக்ராம் வாசித்திருந்த கடம். ஆனால் அட்டையில் பெரிதாக இருந்த பெயர் மிக்கி ஹார்ட். "யார் சார் இவர்?" என்றேன். "அமெரிக்காவில் ஏதோ ராக் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறவராம், நம்ம லயத்தின் மேல் பைத்தியம்" என்றார். தபலா மேதை அல்லா ரக்காவிடம் போய்க் கற்றுக்கொண்டவர் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த ராக் பேண்டுதான் கிரேட்ஃபுல் டெட். வீட்டுக்கு இன்டர்நெட் வந்த பிறகு தேடிப் பிடித்து, எல்லோரும் செய்வதுபோல 1967இல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டேன். அவசர அவசரமாக ஓடி முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை பேர் முப்பது வருடம் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். நான் விட்ட தப்பு அதுதான். இந்த பேண்டை ஆல்பம் வரிசையில் கேட்கக் கூடாது. தேதி வரிசையில் கேட்க வேண்டும். 1965இலிருந்து 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள் செய்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை டேப்பில் இருக்கின்றன. அவர்களுடைய சரித்திரம் அந்த டேப்புகளில்தான் இருக்கிறது.

சரி, எங்கே போய்க் கேட்பது? இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, இலவசம். உள்ளே போனதும் ஒரே தேதிக்குப் பத்து பதினைந்து பதிவுகள் வந்து நிற்கும், பயப்பட வேண்டாம். பெயரில் எஸ்.பி.டி. என்று இருந்தால் சவுண்ட்போர்டு, அதாவது மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது. ஏ.யு.டி. என்றால் கூட்டத்தில் உட்கார்ந்து மைக் பிடித்து எடுத்தது. மேட்ரிக்ஸ் என்றால் இரண்டையும் கலந்தது. முதல் மாதம் எஸ்.பி.டி. மட்டும் கேளுங்கள். காது பழகிய பிறகு, ஒரு நல்ல ஏ.யு.டி.யில் பாட்டு தொடங்கும்போது கூட்டம் போடும் சத்தத்துக்காகவே அந்தப் பக்கம் போவீர்கள்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. ரசிகர்கள் கச்சேரியை ஊர்ப் பெயரால் சொல்வதைவிட எண்ணால் சொல்வதுதான் அதிகம், அதுவும் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில். 5-8-77 என்று படித்துவிட்டு நான் ஆகஸ்ட் 5 என்று நினைத்து அரை நாள் தேடினேன். அது மே 8. பாட்டு வரிசையில் இரண்டு பெயர்களுக்கு நடுவே அம்புக்குறி மாதிரி ஒன்று இருந்தால், நிறுத்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் போனார்கள் என்று அர்த்தம். அந்த அம்புக்குறிகளைத் தேடித் தேடிக் கேளுங்கள். அந்தப் போகிற வழியில்தான் பேண்டு இருக்கிறது.

இவ்வளவு டேப் எப்படி வந்தது என்றால், கச்சேரிகளை ஜனங்கள் பதிவு செய்துகொள்வதை இவர்கள் பெரிதாகத் தடுக்கவில்லை. 1984இல் மிக்ஸருக்குப் பின்னால் டேப் எடுப்பவர்களுக்கென்றே தனி இடமும் டிக்கெட்டும் கொடுத்தார்கள். விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் விதி. காப்பிக்குக் காப்பி போட்டால் இரைச்சல் எப்படி ஏறும் என்பது கடையில் உட்கார்ந்த எனக்குத் தெரியும். அதனால் இந்த ஆட்கள் 'இது எத்தனையாவது காப்பி' என்று லேபிளில் நேர்மையாக எழுதி வைத்ததைப் பார்த்தபோது மரியாதையே வந்துவிட்டது. நாங்கள் எழுதியதில்லை.

அடுத்தது, வருடத்தைக் காதால் கண்டுபிடிக்கும் வித்தை. ஜெர்ரி கார்சியாவும் பாப் வியரும் கிடார், ஃபில் லெஷ் பேஸ், பில் க்ராய்ட்ஸ்மன் டிரம்ஸ். இந்த நால்வரும் தொடக்கம் முதல் கடைசி வரை இருந்தவர்கள். அதனால் அவர்களை வைத்து வருடம் சொல்ல முடியாது. கீபோர்டைக் கேளுங்கள். கரகரத்த ப்ளூஸ் குரலும் ஆர்கனும் வந்தால், முதல் கீபோர்டுக்காரர் பிக்பென் காலம், 1972க்குள். 1971 அக்டோபரில் கீத் காட்ஷா வந்தார். துல்லியமான பியானோ கேட்டால் அவர். 1972இலிருந்து அவர் மனைவி டோனாவின் குரலும் சேரும். 1979 ஏப்ரல் முதல் ப்ரென்ட் மிட்லண்ட்: ஹாமண்ட் ஆர்கன், தொண்டை கிழியப் பாடும் உயர்ந்த குரல். 1990 செப்டம்பருக்குப் பிறகு வின்ஸ் வெல்னிக், அவரோடு ஒன்றரை வருடம் போல ப்ரூஸ் ஹார்ன்ஸ்பி. அந்த இருக்கைக்கு ராசியில்லை என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. பிக்பென் 1973இல் 27 வயதில் போனார். கீத் பேண்டைவிட்டு விலகிய மறு வருடம் கார் விபத்தில், ப்ரென்ட் 1990 ஜூலையில். இந்த மாதிரிப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ப்ரென்ட்டின் கடைசி மாதங்களைக் கேட்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு அடையாளம், டிரம்ஸ். மிக்கி ஹார்ட் 1967 செப்டம்பரில் இரண்டாவது டிரம்மராகச் சேர்ந்தார். அவர் அப்பாதான் பேண்டுக்கு மேனேஜர். பெரிய தொகையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அந்த அவமானம் தாங்காமல் 1971 பிப்ரவரியில் மகன் விலகினார், 1974 அக்டோபரில்தான் திரும்பினார். ஆக, ஒரே டிரம்ஸ் கேட்டால், பேண்டு லேசாகத் துள்ளிக்கொண்டு போனால், பெரும்பாலும் அந்த மூன்றரை வருடம். என்னைக் கேட்டால் அதுதான் பொற்காலம். மிக்கி வழியாக உள்ளே வந்த நான் இதைச் சொல்வது வேடிக்கைதான்.

இப்போது முக்கியமான வேலை. ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு வருடம் வருடமாகப் பின்தொடருங்கள். பலர் 'டார்க் ஸ்டார்' என்பார்கள். நான் 'ப்ளேயிங் இன் த பேண்ட்' என்பேன். காரணம், அது பிறந்த விதம். அதன் அடிப்படை, மிக்கி வைத்திருந்த பத்து அடிக் கணக்கு. அதைக் கச்சேரியில் முதன்முதலாகப் பாட்டாக வாசித்தது 1971 பிப்ரவரி 18, நியூயார்க் மாநிலத்து போர்ட் செஸ்டரில். மிக்கி விலகுவதற்கு முந்தைய கடைசிக் கச்சேரியும் அதுவே. ஆள் போய்விட்டார், கணக்கை விட்டுவிட்டுப் போனார்.

முதலில், 1971இல் பேண்டின் பெயரிலேயே வந்த, மண்டை ஓடும் ரோஜாவும் போட்ட லைவ் ஆல்பத்தில் அதைக் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட வராது. விரலால் பத்து எண்ணிக்கொண்டே கேளுங்கள். பத்து முடிந்ததும் கிடார் வரி மறுபடி ஆரம்பிக்கும். இந்த எண்ணிக்கை மனசில் உட்காரும் வரை நாலைந்து முறை கேட்பது நல்லது. பின்னால் நீங்கள் தொலைந்து போகாமல் காப்பாற்றப்போவது இதுதான்.

அடுத்து 1972 ஆகஸ்ட் 27, ஆரகன் மாநிலத்தின் வெனீட்டா. தயிர் தயாரிக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு க்ரீமரி என்ற சின்ன நிறுவனம் கடனில் இருந்தது, அதற்குப் பணம் திரட்டத் திறந்தவெளியில் வாசித்தார்கள். டிக்கெட்டை அடித்ததே தயிர் டப்பா லேபிளில்தான். கொளுத்தும் வெயிலில் கிடாரின் சுருதி நிற்காமல் ஓடுகிறது, ஆனாலும் அதே பாட்டு இருபது நிமிடத்தை ஒட்டிப் போகிறது. ஆறேழு நிமிடத்துக்குப் பிறகு பாட்டைக் காணோம். கார்சியா ஒரு பக்கம், லெஷ் ஒரு பக்கம், க்ராய்ட்ஸ்மன் இருவரையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு. பத்து எண்ணிக்கை எங்கே போனது என்று தேடாதீர்கள், விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது முதலில் கிடாரில் இரண்டு சுரம் மட்டும் தலை காட்டும். அந்த இடம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால் நீங்களும் உள்ளே வந்துவிட்டீர்கள்.

மூன்றாவது, 1973 நவம்பர் 17, லாஸ் ஏஞ்சலிஸ். இங்கே 'ப்ளேயிங்'கைத் திறந்து, அதற்குள் 'அங்கிள் ஜான்ஸ் பேண்ட்', அதற்குள் 'மார்னிங் ட்யூ', மறுபடி 'அங்கிள் ஜான்ஸ்', கடைசியில் 'ப்ளேயிங்'கை மூடுகிறார்கள். விகடகவி மாதிரி, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

நான்காவது, 1974 மே 21, சியாட்டில். 46 நிமிடம். அதே பாட்டு! இதை ஓய்வான ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலையோடு வேலையாகக் கேட்க முடியாது. இந்த டேப்பில் குரல்கள் மட்டும் மெலிசாக இருப்பது காதில் படும். அதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் சொல்லாமல் விட மாட்டேன், ஏனென்றால் இப்போது என் பிழைப்பே சவுண்ட் சர்வீஸ்தான்.

அந்த வருடம் அவர்கள் 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற ஒன்றைக் கட்டினார்கள். அறுநூறு சொச்சம் ஸ்பீக்கர், 75 டன் எடை. ஸ்பீக்கர் எல்லாம் பேண்டுக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கும். வாசிப்பவர்களும் அதையே கேட்பார்கள், கூட்டமும் அதையே கேட்கும்; மேடைக்கென்று தனி மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது. லெஷின் பேஸில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி ஸ்பீக்கர் வரிசை. மைக்குக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் நான் ஒரே ஒரு பாக்ஸைத் தப்பாகத் திருப்பி வைத்ததில் மாங்கல்யம் கட்டும் நேரத்தில் மைக் ஊளையிட்டது, இன்றும் அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு பாடகருக்கும் மேலும் கீழுமாக இரண்டு மைக் வைத்து, ஒன்றின் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாக மாற்றி இணைத்தார்கள். இரண்டிலும் சமமாக விழும் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உதட்டை ஒரு மைக்கில் ஒட்டினாற்போல் வைத்துப் பாடினால் அந்தக் குரல் மட்டும் தப்பித்து வெளியே போகும். புத்திசாலித்தனம்தான், ஆனால் தப்பித்து வரும் குரலில் கனம் குறைந்துவிடும். அந்த மெலிசுக்கு இதுதான் காரணம். இத்தனையையும் ஏற்றி இறக்கி ஊர் ஊராகக் கொண்டுபோன செலவில் பேண்டே மூச்சு வாங்கி, அந்த அக்டோபரோடு ஊர் சுற்றுவதை நிறுத்தியது. 1976இல் திரும்பி வந்தபோது சுவர் இல்லை, மிக்கி இருந்தார்.

இப்போது 5-8-77. இதாகா ஊரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். பெட்டி கேன்டர் என்ற பெண் பதிவு செய்த டேப்; ரசிகர்கள் 'பெட்டி போர்டு' என்பார்கள். அவர் வாடகை கட்ட முடியாமல் போன சாமான் அறையிலிருந்து அந்த டேப் மூட்டைகள் 1986இல் ஏலத்துக்குப் போயின. எங்கெங்கோ சுற்றி, 2017இல்தான் கார்னெல் கச்சேரி அதிகாரபூர்வமாக வெளியானது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்', அம்புக்குறி, 'ஃபயர் ஆன் த மவுண்டன்'. எந்த நொடியில் பாட்டு மாறியது என்று சரியாகச் சொல்ல முடிகிறதா பாருங்கள். நான் இருபது தடவையாவது முயன்றிருப்பேன். லெஷின் பேஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. இதுதான் அவர்களின் உச்சம் என்று ஒரு கூட்டம் சாதிக்கும். எனக்கு 1972 போதும்.

தாளக் கணக்கில் ருசி உள்ளவர்கள் 1969இல் வந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தில் 'த லெவன்' கேளுங்கள். முதலில் மூன்று மூன்றாக ஓடி, பிறகு பதினொன்றுக்கு மாறும். தகிட தகிட தகிட தக என்று சொல்லிக்கொண்டே வாருங்கள், ஒட்டிக்கொள்ளும். 1970களின் கடைசியிலிருந்து இரண்டாம் பாதியில் டிரம்மர்கள் இருவர் மட்டும் வாசிக்கும் நீண்ட பகுதி வரும். தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற ஆட்கள் அங்கேயும் நிறைய உண்டு. நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

ஸ்டுடியோ ஆல்பங்களில் 1970இல் வந்த இரண்டும் போதும்: 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் பியூட்டி'. கூச்சல் இல்லாத, ராபர்ட் ஹன்டரின் வரிகள் தெளிவாக விழும் பாட்டுகள். 1987இல் 'டச் ஆஃப் க்ரே' வந்து, டாப் டென்னுக்குள் போன அவர்களுடைய ஒரே பாட்டாக ஆனது. அதன் பிறகு கூட்டம் ஸ்டேடியத்தை மீறியது. அந்தக் காலத்துக்கு ஒரே ஒரு தேதி சொல்கிறேன்: 1990 மார்ச் 29, நாசோ கலிசியம். சாக்ஸபோன் வாசிக்கும் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் விருந்தாளியாக வந்து, வருடக்கணக்காகக் கூட இருந்தவர் மாதிரி 'பேர்ட் சாங்'கில் கலந்துவிடுகிறார்.

1994, 1995ஐ இப்போதைக்குத் தொட வேண்டாம். கார்சியாவின் உடம்பு விட்டுப்போனது விரல்களில் கேட்கும். எல்லாம் கேட்டு முடித்த பிறகு 1995 ஜூலை 9, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டுக்குப் போங்கள். சரியாக ஒரு மாதம் கழித்து அவர் இறந்தார், வயது 53. முழுவதும் கேட்க வேண்டாம், கடைசிப் பாட்டு மட்டும்: 'பாக்ஸ் ஆஃப் ரெயின்'. மரணப்படுக்கையில் இருந்த அப்பாவுக்காக லெஷ் மெட்டுப் போட்டு, அவரே பாடுவது. அது முடிந்ததும் 'அமெரிக்கன் பியூட்டி'யை எடுத்து முதல் பாட்டைப் போடுங்கள். அதே பாட்டுதான், இருபத்தைந்து வருடம் இளைய குரலில்.