பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குகிறீர்களா? முதலில் அடியில் பாருங்கள்

பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். ஒரு டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு முதலில் வண்டிக்கு அடியில் போங்கள். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸை லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மொத்தையாக இருந்தாலோ, துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தாலோ அந்த வண்டி வேண்டாம். எஞ்சினைக்கூடச் சரிசெய்துவிடலாம், இற்றுப்போன சேஸிஸோடு மாரடிக்க முடியாது. அடியில் மட்டும் புதிதாகக் கருப்பு பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம் டிஃபரன்ஷியல் ஆயில், அதாவது அச்சின் நடுவில் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டியின் ஆயில். ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும், விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். பல வருடம் தொடாமலே விட்டு, ஃபோர் வீல் லீவர் இறுகிப்போன வண்டிகள் நிறைய உண்டு. மண் தரையிலோ சரளையிலோ ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும், சாதாரண வேகத்துக்கானது) போட்டு மெதுவாக ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஃபோர் லோ (வேகம் குறைந்து இழுவை கூடும்) போடுங்கள். 'கடகட' சத்தமோ, லீவர் தானாக வெளியே தள்ளுவதோ இருக்கக் கூடாது. பார்ட் டைம் வகை வண்டியை, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலுக்கு மாற்றும் வண்டியை, ஃபோர் வீலில் போட்டு, காய்ந்த தார்ச்சாலையில் திருப்பிச் சோதிக்காதீர்கள். முன் பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து கியர்களுக்குத்தான் சேதம்.

நான்கு டயரும் ஒரே அளவா என்றும் பாருங்கள். நீங்கள் போவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் புகையின் நிறம் உண்மையைச் சொல்லும்.