ஒன்சென் குளியல்: தொட்டியில் கால் வைப்பதற்கு முன்

ஜப்பானின் பெப்பு நகரில் தகெகவாரா என்றொரு பொது ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்றுக் குளியலகம். தொடங்கியது 1879-இல், இப்போதுள்ள மரக் கட்டடம் 1938-ஐச் சேர்ந்தது. அங்கே துணியில்லாமல் நின்றபடி ஷவரைத் தேடியவன் நான். நீங்களும் தேடாமல் இருக்கவே இந்தப் பதிவு.

முதலில் பை. சோப்பு, ஷாம்பு, சில 100 யென் நாணயங்கள், ஒரு துண்டு. பழைய ஊர்க் குளியலகங்களில் சோப்பு வைத்திருக்க மாட்டார்கள். தடித்த டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம். நம் ஈரிழைத் துண்டுக்கு நிகர் இல்லை. தேய்க்க, மறைக்க, பிழிந்து துவட்ட அது ஒன்றே போதும். வெள்ளி மோதிரம், அரைஞாண் இருந்தால் கழற்றி அறையிலேயே வைத்துவிடுங்கள். கந்தகம் கலந்த நீரில் வெள்ளி கறுத்துப்போகும்.

வாசல் திரையில் எழுத்தைப் பாருங்கள். மேலே நான்கு கண் ஜன்னல் போலக் கட்டம் இருந்தால் ஆண்கள் பக்கம். கட்டமே இல்லாமல் கோடுகள் குறுக்கே வெட்டினால் பெண்கள் பக்கம். நீலம், சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

உடை எல்லாவற்றையும் களைய வேண்டும்; நீச்சலுடையும் கூடாது. வெட்கம் இரண்டு நிமிடத்தில் போய்விடும், யாரும் உங்களைப் பார்ப்பதில்லை.

இனிதான் நான் தடுக்கி விழுந்த இடம். புதிய குளியலகங்களில் குழாயும் முக்காலியும் வரிசையாக இருக்கும். உட்கார்ந்து தேய்த்துக் குளித்து, நுரை போக அலசிவிட்டுத் தொட்டிக்குப் போகலாம். தலையில் எண்ணெய் இருந்தால் இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். தகெகவாராவிலோ தொட்டியே குழாய். விளிம்பருகே குந்தி, சிறு வாளியால் தொட்டி நீரை மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். இது புரியாமல் நான் நேராகக் காலை விட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வாளியால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, தன் காலில் நீரூற்றிக் காட்டினார். முதலில் பாதம், பிறகு முழங்கால், இடுப்பு, கடைசியில் தோள். இதற்குக் ககெயு என்று பெயர். அழுக்குப் போக மட்டுமல்ல, உடம்பு சூட்டுக்குப் பழகவும்தான். பெப்புவில் நீர் 42 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தாங்கவில்லை என்றால் நீங்களாகக் குளிர்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். 'மிசு இரெத்தெமோ ஈ தெஸ் கா' என்று கேளுங்கள். தண்ணீர் விடலாமா என்று பொருள்.

உள்ளே நீந்தாதீர்கள், துண்டைத் தொட்டி நீரில் முக்காதீர்கள். மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உடை மாற்றும் இடத்துக்குப் போகும் முன்பே துண்டைப் பிழிந்து துவட்டிவிடுங்கள். பிறகு குளிர்ந்த காப்பிப் பால் ஒரு பாட்டில். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பின்சேர்க்கை 1: பச்சை குத்தியவர்கள் போகலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மறுக்கும் இடங்கள் நிறைய உண்டு. கினொசாகி ஊரின் பொதுக் குளியலகங்களில் தடையில்லை.

பின்சேர்க்கை 2: சில விடுதிகளில் ஆண், பெண் பக்கங்களை நாள்தோறும் மாற்றுவார்கள். நேற்றிரவு இடப்பக்கம் போனேனே என்று காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்துவிடாதீர்கள். திரையை மறுபடி பாருங்கள்: ஜன்னல் இருக்கிறதா?