கூட்டுத்தொகை பூஜ்யம்னு வருதா? ஃபார்ஈச்ச பாருங்க

மன்னார்குடி பக்கம் நெல் கொள்முதல் கணக்க நாளுக்கு ஒரு சிஎஸ்வி ஃபைலா வச்சுகிட்டு நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல ஓட்டுற மென்பொருள்) ஸ்கிரிப்ட்ல மொத்த மூட்டைய கூட்டுறீங்கன்னு வைங்க, எரர் எதுவுமில்ல ஆனா விடை மட்டும் பூஜ்யம்னா, ஃபார்ஈச் (forEach, பட்டியல்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷன ஓட்டுறது) உள்ள அசிங்க் ஃபங்ஷன் (async, விடைய உடனே தராம பின்னாடி தர்றது) குடுத்திருக்கீங்களான்னு முதல்ல பாருங்க. அந்த ஃபங்ஷன் தர்ற ப்ராமிஸ, அதாவது விடை பின்னாடி வரும்ங்கற வாக்க, ஃபார்ஈச் கண்டுக்கவே கண்டுக்காது, மதகை திறந்துட்டு கடைமடைக்கு தண்ணி போச்சான்னு பாக்காம வீட்டுக்கு போற ஆள் மாதிரி. ஃபைல படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே, மொத்தத்த காட்டுற அடுத்த வரி ஓடிடும். சந்தேகம்னா படிக்கற வரிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃபைல் பேரோட கன்சோல் லாக் (திரையில எழுதிக் காட்டுற வரி) போடுங்க, வரிசைய பாத்தாலே புரிஞ்சிடும்.

ஃபார் ஆஃப் (for...of) லூப் போட்டு உள்ள அவெய்ட் (await, விடை வர்ற வரைக்கும் காத்திருக்கறது) குடுத்தா சரியாயிடும்.

வேகம் வேணும்னு மேப்போட ப்ராமிஸ் ஆல் (Promise.all, எல்லா ஃபைலையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு எல்லாம் முடியற வரைக்கும் காத்திருக்கறது) போடுறவங்க ஒண்ணு கவனிங்க, உள்ளயே பிளஸ் ஈக்வல் அவெய்ட்னு (+= await) கூட்டாதீங்க, அது அவெய்ட்டுக்கு முன்னாடி இருந்த பழைய மொத்தத்த எடுத்து வச்சுக்கும், அதனால பாதி கணக்கு காணாம போகும் (இது பூஜ்யத்த விட மோசம், நம்புற மாதிரியே ஒரு நம்பர் வரும்). ஒவ்வொரு ஃபைல் தொகையையும் ரிட்டர்ன் பண்ணி, எல்லாம் வந்தப்புறம் ரெட்யூஸ்ல (reduce, பட்டியல ஒரே விடையா சுருக்குறது) கூட்டுங்க. ஆயிரக்கணக்குல ஃபைல் இருந்தா மட்டும் ப்ராமிஸ் ஆல் வேணாம், ஒரே நேரத்துல எல்லாத்தையும் திறக்கப்போய் ஈஎம்ஃபைல் எரர் (EMFILE, ஒரே நேரத்துல திறக்கக்கூடிய ஃபைல் வரம்ப தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்) வரலாம்.