நைனாவின் கையில் வலை ஊசி இருக்கட்டும்: வயதானவரோடு ஒரே வீட்டில் வாழ்வது எப்படி

சென்னை காசிமேட்டில் கடல் தொழிலுக்கு ஓய்வு வயது கிடையாது. ஒருநாள் முழங்கால் சொல்லிவிடும், அவ்வளவுதான். எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அந்த நாள் 71 வயதில் வந்தது. அதன் பிறகு படகுக்காரர்கள் கொண்டுவரும் கிழிந்த வலைகளை வீட்டு வாசலில் உட்கார்ந்து பின்னிக் கொடுத்துவந்தார். இப்போது அவருக்கு 80, எனக்கு 54. தண்டையார்பேட்டையில் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு உளவியல் ஒரு பாடம். அதில் பதின்பருவம் முடிந்ததும் மனிதனின் வளர்ச்சியும் முடிந்துவிட்டது போலத்தான் நாங்கள் படித்தோம். மீதியை நைனாவோடு வாழ்ந்துதான் கற்றேன். கற்றதற்கு நான் கொடுத்த விலை சிறியதல்ல, அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நைனா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் நான் பயந்துவிட்டேன். வலைகளையெல்லாம் திருப்பி அனுப்பினேன். டீக்கடைக்குப் போவது, பால் வாங்குவது, மாத்திரை எடுத்துவைப்பது, எல்லாவற்றையும் என் கைக்கு மாற்றிக்கொண்டேன். “இத்தனை வருஷம் உழைத்தது போதும், நிம்மதியாக உட்காருங்கள்” என்றேன். மூன்று மாதத்தில் அவர் பேச்சு குறைந்தது. சோறு பாதியில் நின்றது. இன்று என்ன கிழமை என்று காலையில் மூன்று முறை கேட்டார். மறதி நோய் என்று முடிவு கட்டி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அந்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார், ஞாபகத்தைச் சோதித்தார். பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்: “வீட்டில் எதற்காகவாவது இவரைத் தேடுவீர்களா?” என்னிடம் பதில் இல்லை. அவருக்கு வந்திருந்தது மனச்சோர்வு. முதியவர்களிடம் அது அழுகையாக வராமல் மறதியாகவும் சோம்பலாகவும் வந்து நம்மை ஏமாற்றிவிடும். சிகிச்சையால் சரியாகக்கூடியது என்பதால் அதை இனம் காண்பது முக்கியம்.

ஆகவே முதல் வேலை: அவரிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கினோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் பதினொன்று இருந்தன. அவற்றில் உண்மையிலேயே ஆபத்தானவை இரண்டே இரண்டு; ஸ்டூல் மேல் ஏறுவதும், இருட்டில் தனியாகப் படி இறங்குவதும். மீதி ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.

1976-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு உண்டு. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தில் எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஊழியர்களே. சில வாரங்களிலேயே முதல் தளத்தார் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஆயுளைக் கணக்கிடக் கூடாது. ஆனால் அந்த இரண்டாம் தளத்தைத்தான் நான் பாசம் என்ற பெயரில் என் வீட்டிலேயே நடத்திக்கொண்டிருந்தேன்.

எது தளர்கிறது, எது தளரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அறிவை இரண்டாகப் பிரித்தார். புதிய சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கும் திறன் ஒன்று. வாழ்நாளெல்லாம் சேர்ந்த அறிவு மற்றொன்று. முதலாவது நடுவயதுக்கு முன்பே மெல்ல இறங்கத் தொடங்கும். இரண்டாவது முதுமை வரை நிற்கும். கைப்பேசியில் பணம் அனுப்புவது நைனாவுக்குக் குழப்பம். ஆனால் வலையைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தொட்டே கண்ணி எத்தனை விரல் அகலம், எந்த மீனுக்கானது என்று சொல்லிவிடுவார். புதியதைக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு படி போதும். ஒவ்வொரு நாளும் அதே வரிசையில் சொல்லுங்கள். கைப்பேசி அவர் கையில் இருக்கட்டும். பொறுமையிழந்து நீங்கள் பிடுங்கி அழுத்திவிட்டால் அன்றைய பாடம் போயிற்று.

பேசும் முறைக்கு வருகிறேன். வயதில் முதலில் குறைவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். அதனால் உயிரெழுத்து கேட்கும், ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். “சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை” என்று அவர்கள் சொல்வது இதனால்தான். கத்தினால் குரல் இன்னும் கீச்சிடும். டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி, தாழ்ந்த குரலில் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து எண்ணிக்கைக்குள் நாம் பதில் சொல்லிவிடுவதால்தான் பல வீடுகளில் பெரியவர்கள் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் அவரைக் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பச்சைக் குழந்தையிடம் பேசுவது போல் கொஞ்சிப் பேசவும் வேண்டாம். நாற்பது ஆண்டு அலைமேல் நின்ற மனிதர் அவர்.

பழங்கதையை வெட்டாதீர்கள். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாக வகுத்தார். கடைசிக் கட்டத்தின் வேலை, வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து அதோடு சமாதானமாவது. அது நடக்காவிட்டால் விரக்திதான். முதியவர் பழையதைப் பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் அல்ல, அவசியமான உள்வேலை என்று 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவரும் எழுதினார். “பழைய கதை சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் வராது. பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். நான் ஒரு பழைய கட்டுமரத் துடுப்பை எடுத்து வைத்தேன். வாடைக் காற்றில் திசை தவறிய ஓர் இரவு, அதில் கரை சேராத அவருடைய தம்பி, எல்லாம் வெளியே வந்தன. அழுதார். பேச்சை மாற்ற வேண்டும் என்று எனக்குத் துடித்தது. மாற்றாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் தம்பியின் பெயரை நைனா வாயால் நான் கேட்டதே இல்லை.

கல்யாணத்துக்கு வர மறுக்கிறாரே என்று வருந்த வேண்டாம். காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் பழக்கத்தைச் சுருக்கி, நெஞ்சுக்கு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்பது உளவியலாளர் லாரா கார்ஸ்டன்சனின் கோட்பாடு. நைனாவுக்குப் பழைய சேத்தாளிகள் (கூட்டாளிகள்) இருவர் போதும். நாம் செய்யவேண்டியது, அந்த இருவரிடம் அவரைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும். அந்த இருவரில் ஒருவர் போய்விட்டால் மட்டும் பல வாரங்கள் கூடவே இருங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது வயதின் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவது, கைவந்த வேலையின் வரிசை மறப்பது, சொன்னதையே சிறிது நேரத்தில் மறுபடி சொல்வது, இவை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட மறதியைக் கொண்டுவரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பிப் பேசினால் அன்றே ஓடுங்கள். சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, புதிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

கடைசியாக, ஜெர்மானிய உளவியலாளர் பால் பால்டெஸ் சொன்ன வழி. நன்றாக முதுமையடைபவர்கள் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள், அவற்றைக் கூடுதலாகப் பயில்கிறார்கள், இழந்ததற்கு மாற்று கண்டுபிடிக்கிறார்கள். பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைனை அவர் உதாரணம் காட்டுவார்: முதுமையில் குறைவான இசைத்துண்டுகளை எடுத்துக்கொண்டு அவற்றை அதிகம் பயின்றார்; வேகமான பகுதிக்கு முன்னால் சற்று மெதுவாக வாசித்தார், பின்வருவது விரைவாக ஒலிக்கும். வீட்டில் இதைச் செய்யும்போது தேர்வு அவருடையதாக இருக்கவேண்டும். நான் கொடுத்தவை முதுகுக்குச் சாய்மானமுள்ள நாற்காலி, தடித்த பிடியுள்ள ஊசி, காலை வெயில் விழும் வாசல் இடம். நேரமும் அளவும் நைனா வைத்ததுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் வலை வேலை குவியும் பருவம். இந்த முறை ஒரு படகுக்காரர் மூன்று வலைகளைச் சுமந்துகொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நைனா மூன்றையும் விரித்துத் தொட்டுப் பார்த்தார். இரண்டைத் தள்ளிவைத்தார். சின்னக் கண்ணி வலை ஒன்றை மட்டும் மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, இது முடிய இருபது நாள் ஆகும், அவசரமென்றால் வேறு ஆளைப் பார் என்றார். படகுக்காரர் வலையை விட்டுவிட்டுப் போனார்.