மாடியில் நோடு இருந்தும் போன் கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

மெஷ், அதாவது ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் பல பெட்டிகள் (ஒவ்வொன்றும் ஒரு நோடு), வாங்கி வைத்த பிறகும் மாடி அறையில் வீடியோ கால் திக்குகிறது என்றால், ஸ்பீடு டெஸ்ட் போடுவதற்கு முன்னால் மெஷ் ஆப்பைத் திறந்து, உங்கள் போன் எந்த நோடில் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் நோடு கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், போன் மட்டும் கீழே சிட்அவுட் பக்கம் இருக்கிற மெயின் நோடை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

காரணம், எந்த நோடில் சேர்வது என்று முடிவு செய்வது போன்தான். மெஷ் யோசனை சொல்லலாம், 802.11 கே, வி என்ற வசதிகள் அதற்குத்தான் இருக்கின்றன, ஆனால் கேட்பதும் கேட்காததும் போனின் இஷ்டம். ஐபோனை எடுத்துக்கொண்டால், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னலின் அளவு, பூஜ்யத்துக்குக் கிட்டே வர வர பலம் கூடும்) கீழே இறங்கினால்தான் வேறு நோடு தேடவே ஆரம்பிக்கும். அப்போதும் புதியது குறைந்தது 8 டிபி கூடுதலாக இருந்தால்தான் மாறும், சும்மா கிடக்கும் போன் என்றால் 12 டிபி. ஆகவே மைனஸ் 66-இல் நொண்டிக்கொண்டிருக்கும் போன் தன் வரையில் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை, ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன மோடத்தின் வைஃபையை அணைப்பது. இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். போனில் பழைய பெயரும் பாஸ்வேர்டும் சேமித்துக் கிடப்பதால் அது மெஷ் பக்கமே வராமல் மோடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் நோடை எங்கே நகர்த்தினாலும் பலன் இருக்காது. மோடத்தின் செட்டிங்கில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் அணையுங்கள், தெரியாவிட்டால் கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். சிக்னலை நீட்டிக்க வைத்த பழைய ரிப்பீட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது நோடு வைக்கும் இடம். இரண்டு நோடும் ரொம்பக் கிட்டே இருந்தால் முதல் நோடின் சிக்னல் வீடு முழுக்க ஓரளவு கிடைக்கும், போனுக்கு மாற வேண்டிய அவசியமே வராது. ரொம்பத் தள்ளிப் போனால் மேல் நோடுக்கே மெயினிலிருந்து சரியாக வராது. மாடிப்படியின் திருப்பத்தில் வைஃபை அனலைசர் போன்ற ஆப்பைத் திறந்து நில்லுங்கள் (ஆண்ட்ராய்டில் லொகேஷன் ஆனில் இருக்க வேண்டும்). ஒரே பெயரில் பல வரிகள் வரும், ஒவ்வொன்றுக்கும் எண் முகவரி வேறு, எது எந்த நோடு என்பது அதை வைத்துத் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு நோடும் அந்த இடத்தில் மைனஸ் 65 முதல் 70-க்குள் வந்தால் இடம் சரி. கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே தடுக்கும், 2.4 அதைத் தாண்டி வந்துவிடும், போன் கீழ் நோடை விடாமல் பிடிப்பது பெரும்பாலும் இந்த 2.4-இல்தான். உங்கள் மெஷ்ஷில் பவரைக் குறைக்கும் வசதி இருந்தால் 2.4-ஐ மட்டும் ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

நோடுகளுக்கு நடுவே ஒரு ஒயர் இழுக்க முடிந்தால் யோசிக்காமல் இழுங்கள். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை போகும், கறண்டு ஒயர் போகும் பைப்பிலேயே சேர்த்துத் திணிக்க வேண்டாம். அப்புறம் கேபிள் எட்டும் தூரத்துக்குள் மேல் நோடை மெயினிலிருந்து எவ்வளவு தள்ளியும் வைக்கலாம்.

இனி நம்ம ஊர் விஷயம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு, மழை வலுத்தால் கறண்டு போவதும் உண்டு. மோடமும் மெயின் நோடும் இன்வெர்ட்டரில் இருந்து, மேல் நோடு மட்டும் சாதா பிளக்கில் இருக்கிறது என்று வையுங்கள். கறண்டு போனதும் மாடியில் இருக்கிற லேப்டாப்பும் போனும் கீழ் நோடுக்குத் தாவும், கறண்டு வந்து மேல் நோடு எழுந்த பிறகும் திரும்பாது. டிவி, சிசிடிவி கேமரா மாதிரியானவை நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். எல்லா நோடையும் இன்வெர்ட்டர் லைனிலேயே போடச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதுவரை, கறண்டு வந்த பிறகு தூரத்து நோடில் சிக்கிய கருவியின் வைஃபையை மட்டும் அணைத்து மறுபடி போடுங்கள், பக்கத்து நோடைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும்.

டிவி, பிரிண்டர், கேமரா போல இடம் மாறாதவற்றை ஒரு நோடோடு கட்டியும் வைக்கலாம். டிபி-லிங்க் டெகோ ஆப்பில் அந்தக் கருவியைத் தொட்டால் ‘மெஷ் டெக்னாலஜி’ என்ற சுவிட்ச் இருக்கும். கருவி சரியான நோடில் இருக்கும்போது அதை அணைத்தால் அங்கேயே நிற்கும். ஆசுஸ் மெஷ்ஷிலும் கருவியை நோடோடு பிணைக்கும் வசதி உண்டு, கூடவே ‘ரோமிங் அசிஸ்டென்ட்’ என்று ஒன்று, சிக்னல் குறித்த அளவுக்குக் கீழே போன கருவியை அதுவே துண்டித்துவிடும். கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற போனை மட்டும் கட்டிவைக்காதீர்கள், அடுக்களைக்குப் போனதும் வீடியோ கால் அறுந்துபோகும்.

நோடு மாறுவதை வேகமாக்கும் ‘ஃபாஸ்ட் ரோமிங்’கை ஆன் செய்யலாம், ஆனால் அதன் பிறகு பழைய பிரிண்டரோ ஸ்மார்ட் பல்போ சேர மறுத்தால் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் இன்டெல் வைஃபை இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘ரோமிங் அக்ரெஸிவ்னஸ்’ (வேறு நோடு தேடுவதில் லேப்டாப் எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்ற அளவு) இருக்கிறது. நடுவில் இருப்பதை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள், உச்சத்துக்குக் கொண்டுபோனால் உட்கார்ந்த இடத்திலேயே நோடு மாறிக்கொண்டிருக்கும்.